கரடி எந்தக் கையில் குடை பிடித்தது

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். ஒரு வார்த்தை மாறினாலும் வழக்கில் போய் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். அதனால் கம்பெனிகளின் பெயரைச் சொல்லமாட்டேன். ஒன்று பெரிய கரடி கம்பெனி, இன்னொன்று சின்ன கரடி கம்பெனி. இதுவே அதிகம்.

இரண்டும் பட்டாசுக் கம்பெனி. இரண்டின் லேபிளிலும் ஒரு கரடி குடை பிடித்து நிற்கும். பெரிய கம்பெனிக் கரடி வலது கையில் பிடித்திருக்கும், சின்னது இடது கையில். பட்டாசுக்கு எதற்குக் குடை என்று யாரும் வழக்குப் போடவில்லை. எந்தக் கை என்றுதான் போட்டார்கள். வெறும் பெட்டியும் லேபிளும் வீட்டுக்கு வாங்கி வந்து பத்து வருடமாக ஒட்டுகிறேன். கரடிக்குக் கை இருப்பதே வழக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை சின்ன கம்பெனி ஏஜெண்டு மாரிசாமி அண்ணாச்சி எட்டு மூட்டைப் பெட்டியும் லேபிளும் இறக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை லோடு எடுக்க வருவதாகச் சொல்லிப் போனார். அவர் வண்டி தெரு திரும்பியதும் பக்கத்து வீட்டு நாகஜோதி வந்தாள்.

"எக்கா, ஒரு கரடிக்குக் கோர்ட்டுல தடை போட்டுட்டாகளாம். அதை ஒட்டுனவுக கையையும் விசாரிப்பாகளாம்."

"எந்தக் கரடிக்குடி?"

"அது தெரியாதுக்கா. தடைன்னு மட்டும் தெரியும்."

ஒட்டினால் கோர்ட்டு. ஒட்டாவிட்டால் அடுத்த லோடு வெம்பக்கோட்டைப் பெண்களுக்குப் போய்விடும். சீசன் முழுக்க நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தடை உண்டா இல்லையா, இது ஒன்று தெரிந்தால் போதும். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"மேட்டர் கோர்ட்டுல இருக்கு தாயி. பேசக்கூடாது."

"தடை இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி."

"இருக்குன்னாலும் பேசுன மாதிரி, இல்லைன்னாலும் பேசுன மாதிரி. நீ பாட்டுக்கு ஒட்டு."

மறுநாள் இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் வேல்விழி நல்ல பிள்ளை. "வழக்கு விவரம் எல்லாம் பப்ளிக்தான் அத்தை, யார் வேணாலும் பாக்கலாம்" என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள். அது வழக்கு எண்ணைக் கேட்டது. எண் இல்லை என்றால் கட்சிக்காரர் பெயரை, வழக்கில் உள்ளபடியே, ஒரு புள்ளி பிசகாமல் போடச் சொன்னது. பெயர் வழக்கில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, வழக்கைத் திறக்க வேண்டும். வழக்கைத் திறக்க எண் வேண்டும். நடுவில், நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கக் கோணல் எழுத்துகளைப் படிக்கச் சொன்னது. மூன்று முறையும் தப்பாகப் படித்தோம். நான் இயந்திரம் என்று அது முடிவு செய்துவிட்டது.

புதன்கிழமை பஸ் ஏறி அலுவலகத்துக்கே போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். வாசலில் பெரிய பலகை: 'வழக்கு விவரங்களைப் பொதுமக்கள் எளிதில் அறியலாம்.' அதன் கீழே புகழேந்தி என்ற எழுத்தர் இருந்தார்.

"கட்சிக்காரரா, பொதுமக்களா?"

"பொதுமக்கள்தான் சார்."

"சான்று?"

ஆதார் அட்டையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இது நீங்க அய்யம்மாள்னு சொல்லுது. பொதுமக்கள்னு எங்கன சொல்லுது? வி.ஏ.ஓ. கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

வி.ஏ.ஓ. தங்கமானவர். 'மேற்படி அய்யம்மாள் என்பவர் எனக்குத் தெரிந்தவரையில் பொதுமக்களில் ஒருவரே ஆவார்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். வியாழக்கிழமை அதை நீட்டினேன். புகழேந்தி மகிழ்ந்து ஒரு படிவம் தந்தார். முதல் கேள்வி: வழக்கு எண்.

"சார், அதைக் கேக்கத்தானே வந்தேன்."

"கேளுங்க. வேண்டாம்னு யார் சொன்னா? நம்பரை எழுதிக் கேளுங்க."

"நம்பர் தெரிஞ்சா நான் ஏன் சார் வாரேன்?"

"அதான் நானும் பாக்கேன். நம்பர் தெரிஞ்சவுக யாரும் இங்கன வாரதே இல்ல."

வீட்டுக்கு வந்து லேபிள் கட்டுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொண்டு பசையைக் கலக்கினேன். விடிய விடிய உட்கார்ந்து எல்லா லேபிளையும் படம் உள்பக்கமாக வைத்து ஒட்டிவிட்டேன். ஒட்டு என்றார்கள், ஒட்டியாயிற்று. கரடியைக் காட்டாதே என்றால், காட்டவில்லை. எட்டு மூட்டையும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி தலையில் கை வைத்தார். "அடப்பாவி மகளே! கரடியை எங்க?"

"மேட்டர் கோர்ட்டுல இருக்கு அண்ணாச்சி. பேசக்கூடாது."

வண்டி வாசலில் காத்து நின்றது, ஆர்டர் அவசரம். ஏற்றிக்கொண்டு போனார்.

தீபாவளிக்கு வெளியூரெல்லாம் அந்த வெள்ளைப் பெட்டிக்கு அடிதடி. படமே இல்லாத பெட்டிதான் இப்போது நாகரிகமாம். கண்ணுக்குக் குளிர்ச்சியாம், மனதுக்கு அமைதியாம், மரம் செடிக்கு நல்லதாம். உள்ளே இருந்தது அதே ஆயிரம் வாலா. அடுத்த மாதமே இரண்டு கம்பெனியும் கரடியை விட்டுவிட்டு, ஒன்றுமில்லாத பெட்டி யாருடையது என்று வழக்கைத் திருத்திப் போட்டன. மூன்றாவது கட்சிக்காரராக, 'மேற்படி வடிவத்தை முதன்முதலில் உருவாக்கிய திருமதி அய்யம்மாள்' என்று என்னையும் சேர்த்துவிட்டார்கள். பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. உச்சியில், கொட்டை எழுத்தில், வழக்கு எண்.

போன வாரம் புகழேந்தி வியர்க்க விறுவிறுக்க என் வீட்டுக்கே வந்தார்.

"யம்மா, மேலிடத்துல இந்தக் கேஸ் விவரம் கேக்காக. கேஸ் கட்டு எங்க போச்சுன்னு தெரியல. நம்பர் போடாம கம்ப்யூட்டரும் திறக்க மாட்டேங்கு. உங்ககிட்ட நோட்டீஸ் இருக்காமே? நம்பரை மட்டும் சொல்லுங்க."

தண்ணீர் கொடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பயம்.

"சார், நீங்க கட்சிக்காரரா, பொதுமக்களா?"

அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இது நீங்க புகழேந்தின்னு சொல்லுது சார்."

அவர் கோபப்படாமல் அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "வி.ஏ.ஓ. இன்னைக்கு இருக்காரா?" என்றார். காரியாபட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றேன். குறித்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். நோட்டீஸை ஒரு காலிப் பெட்டியில் போட்டு மூடி, மேலே ஒரு லேபிளை ஒட்டினேன். கரடி எந்தக் கையில் குடை பிடித்திருக்கிறது என்று கேட்காதீர்கள். படம் உள்பக்கம்.