கோல்ஃப் மைதானத்தில் ஒரு ஜமக்காளம்

எந்தக் காரியத்தையும் காகிதத்தில் திட்டம் போட்டுச் செய்பவன் நான். அப்படித் திட்டம் போட்டே கெடுத்த காரியங்களில் முதலிடம், செம்பூர் கோல்ஃப் மைதானத்துக்குப் போனதற்குத்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. (இருந்தது. வீட்டார் கேலி செய்தே அதைத் தேய்த்துவிட்டார்கள்.)

அறுபதுகளின் நடுவில், செம்பூரில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமானால் ஆபீஸ் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ் கிடைக்கும். மாதுங்காவில் ஒரே அறையில் அண்ணா குடும்பத்தோடு எட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்தோம். என் மனைவி ஜெயாவுக்கு ஐந்தாம் மாதம். குழந்தையைத் தனி வீட்டில் பெற்று வளர்க்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

ஒரு நாள் மானேஜர் கூப்பிட்டார். பார்ஸிக்காரர், தங்கமான மனிதர். "ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மனைவியோடு கோல்ஃப் கிளப்புக்கு வா. ஆட்டம் முடிந்ததும் டைரக்டரிடம் உன்னைப் பற்றிச் சொல்கிறேன். கூச்சப்படாதே, எல்லோரும் சிநேகமாகப் பழகும் இடம்" என்றார்.

உடனே திட்டம் தயார். ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். நல்ல காரியத்துக்கு அதிலா போய் நுழைவது? நாலு மணிக்கே உள்ளே இருப்பது என்று தீர்மானித்தேன். சீக்கிரம் போனால் பசிக்கும். ஊரிலிருந்து பெண்ணைப் பார்க்க வந்திருந்த மாமியார் புளியோதரை, தயிர்சாதப் பொறுப்பை ஏற்றார். அண்ணா குடும்பத்தை விட்டுவிட்டுப் போனால் மனஸ்தாபம் வரும். ஆக, ஒன்பது பேர் குர்லாவில் ரயில் மாறிச் செம்பூரில் இறங்கினோம்.

மானேஜர் பெயரைச் சொன்னதும் காவல்காரன் சலாம் வைத்து உள்ளே விட்டான். மைதானம் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. ஓர் இடத்தில் மட்டும் புல்லை ஒட்ட வெட்டி, வழவழவென்று வட்டமாக்கி, கொடியும் நட்டிருந்தார்கள்.

"விருந்தாளிக்குன்னே பண்ணி வெச்சிருக்கா" என்றேன், எல்லாம் தெரிந்தவனாக.

கொடியைப் பிடுங்கி ஓரமாகப் படுக்க வைத்து, ஜமக்காளத்தை விரித்தோம். கொடி இருந்த குழியில் ஜெயா காபி ஃப்ளாஸ்க்கை இறக்கினாள். அளவெடுத்த மாதிரி நின்றது.

"ஃப்ளாஸ்க் சாயாம இருக்கக் குழிகூட வெட்டியிருக்காளே! மாப்பிள்ளை, உங்க ஆபீஸ்காரா கெட்டிக்காரா" என்றார் மாமியார். என் உத்தியோகத்தின் மீது அவருக்கு மரியாதை வந்ததே அன்றுதான்.

தயிர்சாதம் பரிமாறும்போது, மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைப் பந்து பறந்து வந்தது. விழுந்து, உருண்டு, ஃப்ளாஸ்க்கில் மோதி, துள்ளித் தயிர்சாதப் பாத்திரத்துக்குள் உட்கார்ந்தது.

"பத்தாயிடுத்தே" என்றார் மாமியார். (சோறு பட்ட பொருளை அலம்பாமல் வைப்பது அவர் அகராதியில் கிடையாது.) பந்தை எடுத்து, கூஜாத் தண்ணீரில் அலம்பி, தலைப்பால் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மேட்டின் மீது மானேஜர் தோன்றினார். பின்னால் டைரக்டர். இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"என் பந்து?" என்றார் மானேஜர், மெல்லிய குரலில்.

நான் எழுந்து நின்று, ஆங்கிலத்தில் கணீரென்று சொன்னேன்: "கவலை வேண்டாம் சார். நேராகக் குழிக்குள் விழத்தான் வந்தது. நல்லவேளை, எங்கள் ஃப்ளாஸ்க் தடுத்துக் காப்பாற்றியது."

டைரக்டர் சிரித்த சிரிப்பில் அவர் தொப்பி விழுந்தது. பிறகு எங்களோடு உட்கார்ந்து இரண்டு முறை புளியோதரை வாங்கிச் சாப்பிட்டார். மானேஜர் உட்காரவில்லை. ஆயுளில் ஒரு தடவைகூட டைரக்டரை ஜெயிக்காதவர் அவர் என்பதும், அந்தப் பந்து குழியில் விழுந்திருந்தால் அன்று ஜெயித்திருப்பார் என்பதும் எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. என் தகுதிகாண் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டதும் அன்றுதான். அந்த உத்தரவை மானேஜர் என்னையே டைப் அடிக்கச் சொன்னார்.

ஜெயாவின் ஆசையில் மண்ணைப் போட்டவன் நான். குவார்ட்டர்ஸ் கைக்கு வந்தபோது குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.

என் பெண்ணுக்கு இப்போது பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். பிறந்த ஊர் எது என்று யார் கேட்டாலும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்: "செம்பூர்ல பொறந்திருக்க வேண்டியவ. ஃப்ளாஸ்க்ல இடிச்சு மாதுங்காவுல விழுந்துட்டேன்."