பின்பக்கம் இல்லாத கோட்

கேளுங்கோ, இதில் ஒரு சொல் பொய் என்றாலும் வாயில் மிச்சமிருக்கிற மூன்று பல்லும் இன்றைக்கே விழட்டும். அந்தோனியார் சாட்சி. கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, கொழும்பு முழுக்கத் தெரியும்.

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. எங்கள் வட்டாரத்து அரசாங்க ஆளான கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும்.

கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கர் வேலை கிடைத்திருந்தது. அடையாள அட்டை என்ற சாமான் புதிதாக வந்த காலம். விண்ணப்பம் போட்டவன் எல்லாம் அட்டை எப்ப வருமென்று வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். கொம்பனி மனேஜர் இரக்கப்பட்டு, "அட்டை வரும்வரைக்கும் கிராம சேவகர் படம் ஒட்டி, 'இவரை நான் அறிவேன்' எண்டு முத்திரை குத்தின கடிதம் போதும். வியாழக்கிழமை ஒரு மணிக்குள்ள என்ர மேசையில இருக்கோணும். இல்லாட்டி அடுத்த ஆளைக் கூப்பிடுவன்" என்றார்.

நானும் வியாழக்கிழமை காலையில்தான் வெளிக்கிட்டேன். அவ்வளவு கெட்டிக்காரன்!

முதலில் படம். கொட்டாஞ்சேனையில் அந்தோனிப்பிள்ளை அண்ணனின் ஸ்டூடியோ. அவரிடம் ஒரு கறுத்த கோட் இருந்தது. ஊரில் மீன் விற்கிறவர், கோயிலில் மணி அடிக்கிறவர், எல்லாருடைய படத்திலும் அதே கோட், அதே சிவப்பு டை. மெலிந்தவன், தடித்தவன் எல்லாருக்கும் அளவாக இருக்க, அண்ணன் அதை முதுகில் கழுத்திலிருந்து அடிவரை வெட்டி இரண்டு நாடா தைத்து வைத்திருந்தார். முன்னால் பார்த்தால் மந்திரி. பின்னால் பார்த்தால் கதவில்லாத வீடு.

என்னிடம் நல்ல சேட் ஒன்றுதான். வேலைக்குப் போகிற முதல் நாளுக்கென்று அதைத் தோய்த்து மடித்து வைத்திருந்தேன். படத்துக்கு முன்பக்கம்தானே வேண்டும்? ஆகவே முதுகில் கிழிந்த சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கிழிசல் என்றால் சும்மா கிழிசல் இல்லை, அதற்குள்ளால் ஒரு ஆட்டுக்குட்டி போய் வரலாம்.

"அண்ணே, அவசரப் படம்!"

கோட்டை மாட்டிவிட்டு, டையும் கட்டிவிட்டுப் படம் எடுத்தார். "ஒரு மணித்தியாலம் இரும். கோட்டைக் கழட்டி ஆணியில கொழுவும்."

அவர் இருட்டறைக்குள் போனார். நான் கழற்றவில்லை. எதிரே ஆளுயரக் கண்ணாடி! வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன். இப்படி ஒரு மாப்பிள்ளையை இந்தத் தெரு கண்டதில்லை என்று முடிவு செய்தேன்.

படம் ஈரத்தோடு வந்தது. மணி பத்து. பறித்துக்கொண்டு ஓடினேன். கோட்டோடு.

கிராம சேவகர் கந்தோர் வாசலில் நாற்பது பேர் வரிசை. ஈரப் படத்தைக் காற்றில் ஆட்டிக்கொண்டு நான் வர, முன்னால் நின்ற பெரியவர் விலகினார். அவருக்கு முன்னால் நின்ற அம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு விலகினா. பியூன் எழும்பிச் சலூட் அடித்து, 'வாங்கோ ஐயா' என்று சிங்களத்தில் கூப்பிட்டான்.

"எண்ட மாத்தயா, எண்ட!"

கடந்து போகப் போக எனக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. சந்தோசமான சனம் என்று நினைத்தேன்.

உள்ளே கிராம சேவகர் என்னைக் கண்டதும் பேனையைப் போட்டுவிட்டு எழும்பினார். தன் கதிரையைத் துடைத்து எனக்குத் தந்தார்.

"சேர், ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா நான் வாசலுக்கு வந்திருப்பனே!"

வாயைத் திறந்தேன். அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. இஞ்சி போட்ட தேத்தண்ணி. மரியாதைக்குக் குடித்தேன்.

"எனக்கு ஒரு கடிதம் வேணும்," என்றேன்.

மனிசனுடைய முகம் வெளிறிப் போனது.

"விளக்கம் கேட்டுக் கடிதமா சேர்? ஐயோ, ஆர் பெட்டிசன் போட்டது? போன வியாழன் கந்தோர் பூட்டினது உண்மைதான் சேர். காய்ச்சல் எண்டு எழுதினதும் உண்மை. கிரிக்கெட் மாட்ச் பாக்கப் போனது ஒருநாள்தான் சேர்!"

வாசலில் நாற்பது பேரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். போன வியாழனும் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் அவர்கள்.

"அதெல்லாம் வேண்டாம், நான் வந்தது..."

"சேர், என்ர வேலையைப் பாருங்கோ! வட்டாரத்து வரைபடம் நானே கீறினது. அந்தச் சுவரில."

கும்பிட்டுக் கேட்கிறார். எப்படி மறுக்கிறது? எழும்பி, சுவர்ப்பக்கம் திரும்பினேன்.

இப்போது என் முதுகு கிராம சேவகருக்கு நேரே.

நாடா இரண்டும் தொங்குகிறது. கோட் திரை மாதிரி இரண்டு பக்கமும் விலகி நிற்கிறது. நடுவில் கிழிந்த சேட். அதற்கும் நடுவில் நான்.

சரியாக அந்த நேரம் பார்த்து அந்தோனிப்பிள்ளை அண்ணன் மூச்சிரைக்க உள்ளே வந்தார். "டேய்! என்ர கோட்! மாளிகாவத்தை முதலாளி ஒருத்தர் டை கட்டக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிக்கிறார்!" வந்த வேகத்திலேயே பின்னால் இருந்து உரித்துக்கொண்டு போனார். டையையும் விடவில்லை.

கிராம சேவகர் என்னைப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

"நீர் ஆர்?"

"அதை எழுதித் தரச் சொல்லித்தான் நான் உங்களிட்ட வந்தனான்."

"பொலிசைக் கூப்பிடுவன்! இன்ஸ்பெக்டர் எண்டு ஏமாத்தி..."

"நான் அப்பிடி ஒரு சொல்லுச் சொன்னனானா? கதிரை தந்தது நீங்கள். தேத்தண்ணி தந்தது நீங்கள். காய்ச்சல் கதை சொன்னதும் நீங்கள்."

விலாசம் கேட்டார், சொன்னேன். கிருலப்பனையிலிருந்து பெரியம்மா வீட்டுக்கு வந்து மூன்று மாதம். பதிவைப் புரட்டினார்.

"பேர் இருக்கு. ஆனா உம்மை ஒருநாளும் கண்டதில்ல. தெரியாத ஆளைத் தெரியும் எண்டு எழுத ஏலாது. சட்டம். போம்!"

மணி பன்னிரண்டாகப் போகிறது. ஒரு மணிக்கு வேலை போய்விடும். எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. கோட்டும் இல்லை, சேட்டிலும் பாதி இல்லை.

அப்போது வரிசையில் இருந்து ஒரு குரல்: "சேர், போன வியாழன் மாட்ச் ஆர் வெண்டது?"

இன்னொருவர்: "காய்ச்சல் சுகமே சேர்?"

பியூன் மேசைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்தான். நிமிரவேயில்லை.

கிராம சேவகர் நாற்பது முகத்தையும் ஒருமுறை பார்த்தார். மெதுவாகத் தன் கதிரையில் இருந்தார். பேனையை எடுத்தார், எழுதினார், படத்தை ஒட்டினார், மேசை அதிர முத்திரை குத்தினார்.

வாசிக்க நேரமில்லாமல் பஸ் ஏறினேன். முதுகை பஸ் சீற்றோடு ஒட்டிக்கொண்டே கோட்டைக்குப் போனேன். கொம்பனிக்குள்ளும் சுவரோடு சுவராக நண்டு மாதிரி நடந்து போய் மனேஜர் முன் நின்றேன். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

அவர் கடிதத்தை உரக்க வாசித்தார். "இப்படத்தில் உள்ளவரை நான் நன்கு அறிவேன். இன்று காலை பத்தரை மணி முதல்."

கண்ணாடியைக் கழற்றினார். "பத்தரையில இருந்தா? அதுக்குள்ள நல்லா அறிஞ்சிட்டாரோ?"

"ஓம் சேர். முன்னாலயும் அறிஞ்சிட்டார், பின்னாலயும் அறிஞ்சிட்டார்."

"பொய் எழுதாத ஒரு ஆளிட்ட இருந்து கடிதம் கொண்டு வந்திருக்கிறீர். திங்கள் வாரும்."

முப்பத்திரண்டு வருசம் அங்கே வேலை செய்தேன். அந்தக் கடிதம் இன்னும் அவர்களுடைய ஃபைலில் கிடக்கும். எடுத்து வாசித்தால் வீண் கரைச்சல். ஆகவே ஆராவது கேட்டால் நான் சொன்னது என்று மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. வெள்ளவத்தை பஸ்ஸில் ஆரோ ஒரு கிழவன் கதைத்துக்கொண்டு வந்தான் என்று சொல்லுங்கோ.