இரண்டாம் ஷிஃப்ட்டின் கொள்கை

“ஷிஃப்ட்டை மாத்தித் தரேன் மேடம். உங்க கொள்கை என்னாவறது?” என்று கேட்டார் ஹரிஹரசுதன்.

திருவெறும்பூரில் பாய்லர் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியின் பணியாளர் நலப் பிரிவுக்கு அவர்தான் மேலாளர். தலைக்கு மேல் இரண்டு கட்சித் தலைவர்களின் படங்களும் ஒரே உயரத்தில் தொங்கின. ஸ்கேல் வைத்து அளந்து அவரே மாட்டியது.

எதிரே நின்ற மணிமேகலைக்கு இரண்டாம் ஷிஃப்ட்டில் வெல்டிங் சரிபார்க்கும் வேலை. மகள் சுபஸ்ரீ ஒன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா சென்னைக்குக் குடிபோகிறார். திங்கட்கிழமையிலிருந்து சுபஸ்ரீ சாயங்காலம் பூட்டிய வீட்டின் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

இதில் கொள்கை நுழைந்த விதம் வருமாறு. தேர்தலை முன்னிட்டு, ஊழியர்கள் தாமாக முன்வந்து மனமுவந்து கட்சி நிதி வழங்குவதென்று நிர்வாகம் முடிவு செய்தது. எந்தக் கட்சி ஜெயித்தாலும் கம்பெனிக்கு வேண்டியவர்களாக இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே முதல் ஷிஃப்ட் ஆளுங்கட்சிக்கும், இரண்டாம் ஷிஃப்ட் எதிர்க்கட்சிக்கும் மனமுவந்தன. சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டதால் மனமுவக்கும் சிரமம்கூட யாருக்கும் இருக்கவில்லை.

“நீங்க முதல் ஷிஃப்ட்டுக்குப் போனா அது கட்சித் தாவல். அங்கேர்ந்து ஒருத்தர் மனசு மாறி இங்க வரணும். இல்லேன்னா சமநிலை கெட்டுடும்.”

மணிமேகலை முதல் ஷிஃப்ட்டில் ஆள் தேடி, ஃபிட்டர் கலீமைக் கூட்டி வந்தாள்.

“ஏன் ஆளுங்கட்சியை விட்டு விலகறீங்க?”

“பாலக்கரைல அண்ணன் கடை சார். காலைல திறக்க ஆள் இல்லை.”

ஹரிஹரசுதன் யோசித்தார். “சிறு வணிகர்களைப் புறக்கணித்ததால் அதிருப்தி. இப்படி எழுதிக்கலாமா?”

“கடை திறந்தா சரி. எழுதிக்கங்க.”

“நீங்க மேடம்?”

“பொண்ணு நாலு மணிக்கு வந்துடுவா சார்.”

“பெண் குழந்தைகள் நலத்திட்டங்களால் ஈர்க்கப்பட்டு...” சொல்லிக்கொண்டே எழுதினார். “ரெண்டு பேருமே தெளிவா இருக்கீங்க. இந்தக் காலத்துல அபூர்வம்.”

அதற்குள் கேன்டீனில் ஃபேனுக்கு அடியில் முதல் ஷிஃப்ட்டும், ஜன்னலோரம் இரண்டாம் ஷிஃப்ட்டும் தனித்தனியாக உட்கார ஆரம்பித்திருந்தன. முதல் ஷிஃப்ட் விட்டுப்போகும் கிரைண்டரில் ஊழல் இருப்பதாக ஜன்னலோரத்தில் சொன்னார்கள். இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு நிர்வாக அனுபவம் போதாது என்று ஃபேனுக்கு அடியில் சொன்னார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் வேலை முடிந்து, ஃபேனுக்கு அடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள் மணிமேகலை. மகளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடலாம். மனசு லேசாக இருந்தது. இத்தனை வருஷமாக அவளோடு ஒரே டப்பாவில் சாப்பிட்ட நஜீமா, இரண்டாம் ஷிஃப்ட் வேலைக்குப் போகிற வழியில் வந்து நின்றாள்.

“என்னக்கா, ஒரே நாள்ல விலைபோயிட்டீங்களே.”

“குழந்தைக்காக வந்தேன்டி.”

“தாவுற எல்லாரும் மக்களுக்காகத்தான்னு சொல்றாங்க.”

மணிமேகலைக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். “உங்க ஆளுங்க இருந்தப்ப மட்டும் என்னத்தைக் கிழிச்சாங்களாம்?” என்றுதான் வந்தது.

சுற்றியிருந்தவர்கள் மேஜையைத் தட்டினார்கள். கைதட்டல்போலப் பலமாகவே இருந்தது. நஜீமா சிரித்துக்கொண்டே, எப்போதும்போல, மாவடு எடுக்கக் கையை நீட்டினாள்.

மணிமேகலை டப்பாவை மூடினாள்.