மன்னார்குடிக்குப் போக வேண்டிய மலைச் சைக்கிள்

வளைகுடாவில் குடியிருக்கும் தமிழன் வீட்டில் பொருட்கள் இரண்டு வகை. ஒன்று, நாங்கள் உபயோகிப்பவை. ஓட்டை, உடைசல், முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனவை. இன்னொன்று, ஊருக்குப் போகிறவை. பளபளவென்று, கவர் பிரிக்காமல், கட்டிலுக்கு அடியில் இருக்கும். பிடி உடைந்த கல்லில் தோசை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே புத்தம்புது நான்ஸ்டிக் கல்லை கார்கோவில் போடுகிற ஜாதி நாங்கள். அந்த இரண்டாம் வகைப் பொருளை நாம் தொடக்கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் உதாரணம். (வீடியோ ஆதாரமும் இருக்கிறது. அதுதான் பிரச்சினையே.)

நான் அல் கோபாரில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் பைப்லைன் இன்ஸ்பெக்டர். எங்கள் படுக்கையறையில் அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு மலைச் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. என் மனைவி மாலாவின் தம்பி பிரபுவுக்காக வாங்கியது. கல்யாண மேடையில் மச்சினன் மோதிரம் போட்டுவிட்டபோது, ஃபோட்டோவுக்குச் சிரித்த வேகத்தில், "உனக்கு சவுதியிலேர்ந்து கியர் சைக்கிள் அனுப்புறேன்டா" என்று சொல்லித் தொலைத்திருந்தேன். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிரபுவுக்கு இப்போது மன்னார்குடியில் சொந்தமாக செல்போன் கடை. ஒவ்வொரு லீவிலும் என் பெட்டியை எட்டிப் பார்ப்பான், ஒன்றும் கேட்கமாட்டான். மாமியார் வீட்டில் என் வார்த்தைக்கு இருந்த மரியாதை வருஷாவருஷம் தேய்ந்துகொண்டே வந்தது. இந்தத் தடவை மாலாவே கடைக்குப் போய் வாங்கிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் கார்கோக்காரர் வர்றாரு. அதுவரைக்கும் இது மேல உங்க கை படக்கூடாது. புதுசு வாசனையோட போயிச் சேரணும் என் தம்பிக்கு" என்றாள்.

சைக்கிளுக்கு உடம்பெல்லாம் குமிழ் பிளாஸ்டிக் சுற்றியிருந்தாள். சீட்டுக்கு அட்டைப்பெட்டியில் ஒரு தொப்பி. ஹேண்டில்பாருக்கு முன்னால் பெரிய அட்டையில், தடி மார்க்கரால், பிரபுவின் பெயரும் கடை விலாசமும் ஆங்கிலத்தில். கடைசி வரியில் INDIA. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள்.

கட்டிலில் படுத்தபடி தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அது என்ன, ஏன், எப்படி என்று தெரிந்தாக வேண்டும். இதற்கு எதற்கு இத்தனை கியர்? மன்னார்குடியைச் சுற்றி மேடு என்று எதுவும் கிடையாது, கோயில் கோபுரம் ஒன்றுதான் உயரம். அல் கோபாரிலோ ஃப்ளைஓவர்தான் மலை. மலையே இல்லாத ஊரில் வாங்கி மலையே இல்லாத ஊருக்கு அனுப்புகிற இந்த மலைச் சைக்கிள் மிதித்தால் எப்படி இருக்கும்?

இரண்டாவது அரிப்பு, உகைர். கோபாருக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் பழைய துறைமுகம். சைட்டுக்குப் போகும்போதெல்லாம் கோட்டைப் படம் போட்ட பழுப்பு போர்டு ஒன்று சாலையோரம் வந்து போகும். டூட்டி வண்டி அதற்கெல்லாம் நிற்காது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று எங்கள் டிரைவரைக் கேட்டால், "குச் நஹி பாய்" என்பார், ஒன்றுமே இல்லையாம். குச் நஹி என்று ஒருவர் சொன்னால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

எங்கள் கட்டடத்தின் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் பஷீர் பாய் அதிராம்பட்டினத்துக்காரர். வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கடற்கரைப் பக்கம்தான் மீன் வாங்க வேனில் போவார்.

"அந்தக் காலத்துல நம்ம பக்கத்து அரிசியும் துணியும் அங்கதான் எறங்கியிருக்கும்னு எங்க வாப்பா சொல்லுவாங்க தம்பி. வாங்க, எறக்கி விடுறேன். ஜும்மா தொழுகை முடிச்சுட்டு வந்து கூட்டிக்கிறேன். அசருக்குள்ள வீட்ல இருக்கலாம்" என்றார்.

விதி முடிச்சுப் போட்டுவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை மாலா தோழி வீட்டுக்குக் கிளம்பிப் போனதும், சைக்கிளை லிஃப்டில் நிறுத்தி இறக்கினேன். பிளாஸ்டிக்கைப் பிரிக்கவில்லை. பிரித்தால்தானே பழசு? மிதித்துவிட்டு டயரைத் துடைத்து வைத்துவிட்டால் புதுசு புதுசுதான் என்பது என் கணக்கு. (இன்ஸ்பெக்டர் வேலையில் இப்படிப்பட்ட ஆட்களைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.)

உகைர் என்னை ஏமாற்றவில்லை. ஈரத்தில் அரித்துப்போன சுவர்கள், வரிசையாக வளைவுகள், நடுவே பெரிய முற்றம். சுங்கம் வசூலித்த இடமாம். வெயில் இளசாக இருந்தது. ஓர் ஆள் இல்லை. வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்து, சரக்கு மூட்டை வைத்த இடம் எது, கணக்குப்பிள்ளை உட்கார்ந்த இடம் எது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒருகாலத்தில் நம் பக்கத்து மூட்டை கப்பலேறி இங்கே வந்திருக்கிறது, இப்போது இங்கிருந்து நம் பக்கத்துக்கு மூட்டை போகிறது என்று நினைத்தபோது நிஜமாகவே நெஞ்சு நிறைந்தது. அட்டை மாட்டிய சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்து ஃபோட்டோகூட எடுத்தேன்.

அத்தோடு திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

கோட்டைக்குப் பின்பக்கம், தூரத்தில், வெட்டவெளியின் நடுவே குட்டையாக ஏதோ ஒன்று நின்றது. சதுரமாக, வெள்ளையாக. காவல் கோபுரமா? கல்லறையா? யாரும் கவனிக்காத சின்னக் கோட்டையா? அதற்கும் எனக்கும் நடுவே தரை தோசைக்கல் மாதிரி தட்டையாக, வெள்ளையாகக் கிடந்தது. மேடு பள்ளமே இல்லை. சாலையைவிட நன்றாக இருந்தது.

ஏறி மிதித்தேன். அடடா, அந்த ஓட்டம்! மேல்தோல் நொறுநொறுவென்று உடைய, டயர் கத்தி மாதிரி போயிற்று. முழங்கால் பட்ட இடத்திலெல்லாம் குமிழ் பிளாஸ்டிக் பட்பட்டென்று வெடித்தது, எனக்காக யாரோ சரவெடி கொளுத்துவது போல. பெருமை தாங்காமல் பாட ஆரம்பித்தேன். பல்லவி முடிவதற்குள் முன் சக்கரம் காணாமல் போனது.

அந்தத் தரைக்கு சப்கா என்று பெயர். மேலே உப்புத் தோல், அடியில் களி. கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த நிலம் என்பதால் வற்றவே வற்றாது. எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேரும் ஆட்களுக்கு இதைப் பற்றிப் பாடம் எடுப்பது யார் என்று கேட்காதீர்கள். பிசுபிசுவென்ற கறுப்புச் சேறு சக்கரத்தை விழுங்கியது, பிறகு என் வலது ஷூவை விழுங்கியது. கியரை மாற்றிப் பார்த்தேன். இத்தனை கியர் எதற்கு என்று கேட்டேனே, ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றுக்கும் சைக்கிளை மேலே தூக்கத் தெரியவில்லை. தூக்கத் தூக்க நான்தான் இறங்கினேன். அசர் தொழுகையும், கார்கோக்காரரும், மாலாவின் முகமும் வரிசையாகக் கண்முன் வந்தன.

அப்போதுதான் ஒரு பிக்கப் வந்து கெட்டித் தரையில் நின்றது. ஓட்டி வந்தவர் வெள்ளைத் தாடி வைத்த சவுதிப் பெரியவர். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் இடுப்பளவு பிளாஸ்டிக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முழங்கால் அளவு சேற்றில், ஒரு ஷூவோடு நின்றேன். கயிற்றை வீசினார். சைக்கிளை முதலில் இழுத்தார், அப்புறம் என்னை.

சேறு படாமல் தப்பித்த ஒரே பொருள் மாலா எழுதிய அட்டை. பெரியவர் அதைக் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"சைக்கிள் ரூஹ் ஹிந்த்?"

சைக்கிள் இந்தியா போகிறதா என்று கேட்கிறார். போகிறதே, கார்கோவில். "ஐவா" என்றேன். ஆமாம்.

"இன்த்தா கமான் ரூஹ் ஹிந்த்?"

நீயும் இந்தியா போகிறாயா? அடுத்த மாதம் லீவு சாங்ஷன் ஆகியிருந்தது. "ஐவா, ஐவா."

பெரியவர் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "மாஷா அல்லாஹ்!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. என்ன நடக்கிறது என்பது, அவர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, நீளமாக ஏதோ அரபியில் பேசி, "யல்லா, சொல்லு" என்று என்னையும் கையாட்டச் சொன்னபோதுதான் லேசாகப் புரிந்தது. விளக்குவதற்கு என்னிடம் இருந்த அரபி மொத்தமே ஐவா, மாஃபி, கலாஸ் மூன்றுதான். இந்தியா மாஃபி, சைக்கிள் கலாஸ் என்றேன். இந்தியா இல்லை, சைக்கிள் முடிந்தது என்று அர்த்தம். களைத்துப் போயிருக்கிறேன் என்று நினைத்துப் பேரீச்சம்பழமும் கஹ்வா காப்பியும் கொடுத்தார். தன் தலைத்துணியை அவிழ்த்து வெயிலுக்கு என் தலையில் கட்டிவிட்டார். சைக்கிளைப் பின்னால் ஏற்றி, பயணத்தில் கொஞ்ச தூரமாவது குறையட்டும் என்று என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

தெற்கே. கோபாருக்கு நேர் எதிர்த் திசையில்.

போகிற வழியில் அந்த வெள்ளைக் கோபுரத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். சாய்ந்துபோன போர்ட்டா கேபின், கதவில்லாதது. சைட்டில் நாங்கள் கழிப்பறையாக வைத்துக்கொள்வோமே, அதே மாடல்.

கத்தார் எல்லைக்குப் போகும் நெடுஞ்சாலையில், பெட்ரோல் பங்க் ஒன்றில் இறக்கிவிட்டு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கை காட்டினார். என் தலையில் கை வைத்து துஆ செய்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் அன்பை நினைத்தா, கார்கோவை நினைத்தா என்று இன்றுவரை தெரியாது. அவர் கண்ணில் படும்வரை இந்தியா பக்கமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பிக்கப் மறைந்ததும் பஷீர் பாய்க்குப் போன் போட்டேன்.

"தம்பி, எங்க போயிட்டீங்க? உகைரே காலியா கெடக்கு! அத வுடுங்க, குரூப்புல ஒரு வீடியோ வந்திருக்கு, பாத்தீங்களா? நம்ம ஆளு ஒருத்தரு சைக்கிள்லயே இந்தியாவுக்குப் போறாராம். மூஞ்சியெல்லாம் சேறு, யாருன்னு தெரியல. நானும் ஊரு குரூப்புக்கெல்லாம் அனுப்பிச்சுட்டேன்."

"பாய்..."

"பாவம் தம்பி, ஒரு கால்ல செருப்புகூட இல்ல."

"பாய், அது நான்தான்."

மீன் வேன் தெற்கே வந்து என்னையும் சைக்கிளையும் அள்ளிப் போட்டுக்கொண்டது.

வீடு போய்ச் சேர்ந்தபோது அசர் எப்போதோ முடிந்திருந்தது. கார்கோக்காரரை மாலா டீ கொடுத்துக் கொடுத்து உட்கார வைத்திருந்தாள். அவளுக்கும் வீடியோ வந்துவிட்டது. முகம் தெரியாவிட்டாலும் தன் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? சைக்கிளைச் சுற்றி வந்தாள். வெடிக்காத குமிழ் ஒன்றுகூட இல்லை. செயினில் உப்பு பூத்திருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிரபுவிடம் இனி எந்த முகத்தோடு பேசுவது என்று நினைக்கும்போதே அவனிடமிருந்து வீடியோ கால் வந்தது. பின்னால் கடையில் கூட்டம்.

"அத்தான்! எனக்காகவா அத்தான்? கொடுத்த வாக்குக்காக மிதிச்சே கொண்டாறீங்களா? வேணாம் அத்தான், திரும்பிப் போயிடுங்க. நீங்க நல்லா இருந்தா போதும்!"

மாலா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"திரும்பி வந்துட்டாருடா. கார்கோவுல வருது. கழுவி அனுப்பட்டுமா?" என்றாள் அவள்.

"கழுவவே கூடாதுக்கா! அப்படியே வரட்டும்."

அப்படியே போயிற்று. கப்பலில் உப்பு தன் வேலையைக் காட்டி, செயின் இறுகி, ஒரு நாள்கூட ஓடாமல் அது இன்று பிரபுவின் கடைச் சுவரில் அட்டையோடு தொங்குகிறது. அடுத்த லீவில் போனதும் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, உகைர், சப்கா, போர்ட்டா கேபின் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்தானுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி" என்றான். இன்றுவரை நம்பவில்லை. மாலாவோ, நான் காய் வாங்கக் கிளம்பினாலும், "சட்டையில அட்ரஸ் எழுதி விடட்டுமா?" என்று கேட்கிறாள்.

போன வருஷம் பிரபுவுக்குக் கல்யாணம். மேடையில் பெண்ணின் தம்பி அவனுக்கு மோதிரம் போட்டுவிட்டான். பிரபு அவன் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு மைக்குக்குப் பக்கத்தில் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது:

"வெளிநாட்டுலேர்ந்து ஏதாச்சும் வேணும்னா எங்க அத்தான்கிட்ட கேளு மாப்ள. லேட்டாவும். ஆனா மிதிச்சாவது கொண்டாந்துடுவாரு."