இடது பக்கம் இழுத்த கார்

என் காரை எந்த மெக்கானிக்கும் தொடக்கூடாது என்று முடிவெடுத்தேன். வீட்டில் அதற்குக் கௌரவப் பிரச்சினை என்று பெயர் வைத்தேன். உண்மையான காரணம் டிக்கிக்குள் இருந்தது.

டிக்கியில் இருந்தது என் மொத்தச் சொத்து. இறக்கை இல்லாத மின்விசிறி, வாய் திறக்காத ரேடியோக்கள், ஒரு மிக்ஸி மோட்டார், டைப்ரைட்டரில் முக்கால்வாசி. எல்லாவற்றையும் என்றைக்காவது ரிப்பேர் செய்துவிடுவேன். என் மனைவிக்கு அந்த "என்றைக்காவது" பிடிக்காது. பரணிலிருந்து துரத்தினாள், கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். அங்கிருந்தும் துரத்தினாள். கடைசியில் எல்லாவற்றையும் டிக்கியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். குளிக்கும்போதும் அது என்னோடுதான் குளிக்கும். மெக்கானிக்கிடம் காரை விட்டால் சாவியையும் விட வேண்டும். சாவி என் இடுப்பை விட்டு இறங்கினால் நேராக அவள் கைக்குத்தான் போகும்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவியைக் காரோடு நிறுத்திவிட்டுப் போய்க் காய்கறி வாங்கி வந்தேன். திரும்பும்போது கார் இடது பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கில் பிடியைத் தளர்த்தினால் நடைபாதையில் ஏறப் பார்த்தது.

"ஏங்க, வண்டி ஒரு பக்கமா போகுதே?"

"ரோடு சரிவா இருக்கு."

"எல்லா ரோடும் இடது பக்கமேவா சரிஞ்சிருக்கு?"

"ரோடு போட்டவனைக் கேளு."

"மெக்கானிக்கிட்ட விட்டுடலாம். பாவம், உங்களால இதெல்லாம் முடியாது."

"யாரால? என்னாலயா? நாளைக்குக் காலையில பாரு!"

"டயர்ல காத்து கம்மியோ என்னமோ."

விழுந்து விழுந்து சிரித்தேன். "காத்து இறங்கினா கண்ணுக்குத் தெரியாதா? இது வேற வியாதி. உனக்குச் சொன்னாப் புரியாது." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடங்கிவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை காலை வைத்தியம் ஆரம்பித்தது. தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் சுடும். எதுவும் சுடவில்லை. அடுத்து, சக்கரம் கோணியிருக்கிறதா என்று பார்க்க நூல் பிடித்தேன். பின் சக்கரத்தில் ஒரு முனை, முன் சக்கரத்தில் மறுமுனை, நடுவில் தரையோடு தரையாக நான். எதிர்வீட்டுப் பல் டாக்டர் வாய் நிறைய நுரையோடு வந்து நின்றார்.

"என்ன சார், கோணலா? பல்லுன்னா நான் கம்பி போட்டு இழுத்துடுவேன்."

"இது உங்க பல் இல்ல டாக்டர், கார். மூளை வேணும்."

சக்கரம் நேராகத்தான் இருந்தது. இனி மிச்சம் காற்று மட்டும்தான். அவள் சொன்னதற்காக அல்ல. முறைப்படி நானே அங்கே வந்து சேர்ந்தேன். ஆனால் காற்று அளக்கிற மீட்டரும் கால் பம்பும் டிக்கியின் அடிமட்டத்தில் கிடந்தன. என் சொத்து முழுவதும் அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். இதைவிட நல்ல நேரம் வராது. மளமளவென்று எல்லாவற்றையும் இறக்கிக் கேட் ஓரமாக அடுக்கினேன். மீட்டரை வைத்தேன். இடது முன் டயரில் காற்று கம்மி!

"பாருங்க டாக்டர்! வால்வுக்கு மூடியே இல்ல. எங்கேயோ விழுந்திருக்கு. மூடி இல்லாட்டி காத்து இறங்கும். எத்தனை மெக்கானிக்குக்கு இது தெரியும்?"

"அபாரம் சார்!" என்றார் டாக்டர். நுரை என் சட்டையில் தெறித்தது. நான் பொருட்படுத்தவில்லை.

பம்பை மிதித்து முடித்தபோது மனைவி வாசலுக்கு வந்தாள். அடுக்கியிருந்த சாமான்களைப் பார்த்தாள். நான் பம்போடு ஓடிப்போய் அவற்றுக்குக் குறுக்கே நின்றேன். ஆனால் அவள் முகம் மலர்ந்தது.

"அட, கண்டுபிடிச்சிட்டீங்களே! டாக்டரையும் ஏத்திக்கிட்டுப் பெரிய ரோடு வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வாங்க. அவரும் பார்க்கட்டும்."

"சாமானெல்லாம் வெளிய கிடக்கே?"

"நான் எதுக்கு இருக்கேன்? பார்த்துக்கறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் என்னை இப்படி மெச்சியதே இல்லை. பெரிய ரோட்டில் கார் அம்பு மாதிரி நேராகப் போனது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினேன். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். ராஜா மாதிரி வீடு திரும்பினேன்.

கேட் ஓரம் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. பம்பும் மீட்டரும் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தன.

"எங்கே என் சாமானெல்லாம்?"

"பழைய இரும்புக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார். நேத்தே வரச் சொல்லி வச்சிருந்தேன்."

"நேத்தா? டிக்கியைத் திறப்பேன்னு நேத்து எனக்கே தெரியாதே!"

அவள் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் கறுப்பாகச் சின்னதாக ஒரு மூடியை வைத்தாள்.

"மாட்டிடுங்க. இது இல்லாட்டி காத்து இறங்கிடும்னு நீங்கதானே டாக்டர்கிட்ட சொன்னீங்க?"