பார்மட் பக்தவச்சலம்

உங்கள் வீட்டிலோ கடையிலோ ஒரு கம்ப்யூட்டர் இருந்து, அது ஒழுங்காக ஓடிக்கொண்டும் இருந்தால், உங்களைத் தேடி ஒருவர் கிளம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார், துக்கம் விசாரிக்க வந்தவரைப் போலத் திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இன்னுமா விண்டோஸ் வச்சிருக்கீங்க?" என்று கேட்பார். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் மாற்றிகள். ஓடுகிற எதையும் ஓடவிடாமல் மாற்றிவைப்பது இவர்கள் தொழில். சம்பளம் கிடையாது. கேட்கவும் மாட்டார்கள். அதுதான் நமக்குப் பயம்.

மாற்றியை அடையாளம் காண்பது சுலபம். தோளில் ஒரு ஜோல்னாப் பை. பையில் டிபன் டப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கத்தை சிடி. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் ஐந்து புள்ளி பூஜ்யம் நாலு, பத்து புள்ளி ஒன்று என்று ஏதோ ஒரு எண். சொந்தத் தம்பிக்கு எந்த மாதம் கல்யாணம் ஆனது என்று கேட்டால் யோசிப்பார்; விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸின் அடுத்த வெளியீடு எப்போது என்று கேட்டால் தேதியோடு சொல்வார். தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று வருஷத்தில் பதினொரு சிஸ்டம் போட்டுப் பார்த்திருப்பார். அதில் ஒரு கடிதமாவது அடித்திருப்பாரா? மாட்டார். அதற்கெல்லாம் நேரம் ஏது?

எங்கள் மரக்காணத்துக்கு வாய்த்த மாற்றி பக்தவச்சலம். பக்கத்துப் பிரம்மதேசத்துக்காரர், நாற்பதை நெருங்கும் வயது, உப்பு ஏற்றும் லாரிகளுக்கு எடை பார்க்கும் இடத்தில் மேற்பார்வையாளர் உத்தியோகம். பாண்டிச்சேரியில் ஆறு மாதம் ஹார்டுவேர் படித்தவர். ஊரில் அவர் கை வைக்காத கம்ப்யூட்டர் இரண்டு. அவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்து கரண்ட் கொடுக்கவில்லை. நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்போம்.

எனக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் உரக்கடை. ஒட்டினாற்போல் அம்சவல்லியின் டிடிபி சென்டர். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கல்யாணப் பத்திரிகையிலிருந்து காணாமல் போன மாட்டுக்கான போஸ்டர் வரை அவர் அடித்துக் கொடுப்பார். நடுவில் பலகைத் தடுப்புதான் என்பதால் அங்கே யாராவது பெருமூச்சு விட்டால்கூட இங்கே யூரியா மூட்டைக்குக் கேட்கும். ஆகவே நடந்தது எல்லாம் எனக்கு நேரடியாகத் தெரியும்.

2005 செப்டம்பர். உப்பளத் தொழிலாளர்களின் பெயர்களை நல வாரியத்தில் பதிய ஒரு பட்டியல் கேட்டிருந்தார்கள். பதிந்தால் விபத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உதவி உண்டு. தொழிலாளர் சங்கத்துத் தலைவி முத்தம்மாள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அளத்தில் வேலை முடிந்ததும் பத்துப் பத்துப் பேராக, முழங்கால் வரை உப்புப் பூத்த கால்களோடு, ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பெண்கள் வருவார்கள். பெயர், புருஷன் பெயர், வயது, கார்டு நம்பர் என்று ஒவ்வொருவராகச் சொல்ல, அம்சவல்லி நேரடியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். பேப்பரில் எழுதி, பிறகு பார்த்து அடிப்பது இரட்டை வேலை அல்லவா? மூன்று வாரத்தில் இருநூற்று எண்பத்தாறு பேர். திங்கட்கிழமை விழுப்புரத்தில் கொடுக்க வேண்டும். அது கடைசி நாள்.

இந்த மூன்று வாரமும் அந்தக் கம்ப்யூட்டர் சும்மா இருந்ததா என்றால், இல்லை. திரையின் வலது மூலையில் நிமிடத்துக்கு ஒரு மஞ்சள் செய்திப் பலூன் கிளம்பும். உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கலாம் என்று ஒன்று. நீங்கள் தொடாத ஐகான்கள் அப்படியே கிடக்கின்றன என்று ஒன்று. இடம் குறைகிறது என்று ஒன்று. அப்டேட் தயார், இப்போது ரீஸ்டார்ட் செய்யவா, பிறகு செய்யவா என்று ஒன்று. பிறகு என்று அமுக்கினால் பத்து நிமிடம் கழித்து அதே கேள்வி. வேண்டவே வேண்டாம் என்று சொல்ல ஒரு பட்டன் உண்டா? தேடிப் பாருங்கள்.

முத்தம்மாள் ஒருநாள் கேட்டார். "ஏம்மா, மஞ்சளா ஏதோ எழும்பி எழும்பி வருதே, என்ன சொல்லுது அது?"

"கம்ப்யூட்டருக்கு ஆபத்தாம்க்கா."

"நமக்கு?"

"நம்மளப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"அப்ப நீ அடி."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்சவல்லி வேகமாக அடித்துக்கொண்டே போய் எண்டரைத் தட்டிய அதே நொடியில் ரீஸ்டார்ட் கேள்வி குறுக்கே வந்து நின்றது. அந்த எண்டரைத் தனக்கான சம்மதமாக எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அணைந்தது. சேமிக்காத பன்னிரண்டு பெயர்கள் போயின. பன்னிரண்டு பேரையும் மறுபடி கூப்பிட்டு அடித்து முடித்தபோது அம்சவல்லிக்குக் கழுத்து திரும்பவில்லை.

மறுநாள் காலை பக்தவச்சலம் ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வந்தார். அம்சவல்லி வாய் தவறிப் பலூன் கதையைச் சொல்லிவிட்டார். இதைவிடப் பெரிய அழைப்பிதழ் உண்டா?

"உங்களுக்கு விண்டோஸ் ஒத்துக்கலம்மா" என்றார் அவர், பத்து வருஷமாகக் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்த டாக்டரைப் போல. "இதுக்கு மருந்து குடுக்கிறது வேஸ்ட்டு. லினக்ஸ் போட்டுடலாம். மெசேஜே வராது. வைரஸ் கிடையாது. காசு கிடையாது. உலகமே மாறிட்டிருக்குது."

"திங்கக்கெழம லிஸ்ட்டு குடுக்கணும் சார். அப்புறமா பாத்துக்கலாமே."

"அரை மணி நேர வேல. டீ வரதுக்குள்ள முடிச்சிடுவேன்."

"ஃபைலு?"

"டி டிரைவ்ல தான இருக்குது? நான் அதத் தொடவே மாட்டேன்."

சிடி உள்ளே போனது. நீலத் திரையில் கேள்விகள் வந்தன. பக்தவச்சலம் அம்சவல்லியைப் பார்த்தபடியே, விண்டோஸ்காரர்கள் எப்படி எந்த மெசேஜையும் படிக்காமல் ஓகே, ஓகே என்று அமுக்கியே வீணாய்ப் போகிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். விரல் மட்டும் அதன் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருந்தது. இந்த டிஸ்க்கில் இருப்பது முழுவதும் அழியும், தொடரவா என்று ஒரு கேள்வி வந்தது. மஞ்சள் இல்லை, பலூன் இல்லை, ஓசை இல்லை. அதற்கும் ஆம் என்றார்.

டீ வந்து, ஆறி, ஏடு படிந்த பிறகு காப்பிக் கொட்டை நிறத்தில் ஒரு திரை வந்தது. மத்தளம் தட்டியதுபோல் ஒரு சத்தமும் வந்தது. பக்தவச்சலத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மூத்த பெண்ணுக்குத் தாலி ஏறியதைப் பார்த்த தகப்பன் முகம்.

"டி டிரைவ் எங்க சார்?" என்றார் அம்சவல்லி.

"இதுல சி, டி எல்லாம் கிடையாதும்மா. எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப லிஸ்ட்டு?"

அவர் ஒரு ஃபோல்டரைத் திறந்தார். காலி. இன்னொன்றைத் திறந்தார். அதுவும் காலி. பிறகு அதே ஃபோல்டரை மறுபடி திறந்தார், இந்த இடைவேளையில் ஏதாவது வந்திருக்கும் என்பதுபோல. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மூன்று மணிக்கு முத்தம்மாள் பிரிண்ட் வாங்க வந்தார். அம்சவல்லி சொல்லச் சொல்ல, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பக்தவச்சலத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இரநூத்தி எண்பத்தாறு பேரையும் அழிச்சிட்டீங்களா சார்?"

"அழிக்கலம்மா. பார்மட் ஆயிடுச்சு."

"ரெண்டுத்துக்கும் என்ன வித்தியாசம்?"

"அழிச்சா சில நேரம் திரும்ப எடுக்கலாம்" என்றார் அவர். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது.

"நாளைக்குக் காலையில அளத்துக்கு வாங்க" என்றார் முத்தம்மாள். "நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வாங்க. அந்தப் பை வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை உரம் வாங்க யார் வருவார்கள்? நானும் போனேன். பருவம் முடிகிற நேரம், மழைக்கு முன்னால் கடைசி உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்கே வெள்ளை கண்ணைக் குத்தியது. பக்தவச்சலம் வரப்பில் உட்கார்ந்தார். வரப்பு உள்ளங்கை அகலம். ஒவ்வொரு பெண்ணாகக் கார்டோடு வந்து நின்றார்கள். "பேர அழிச்ச சார் நீங்கதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொருவரும் பெயரைச் சொன்னார்கள். இருநூற்று எண்பத்தாறு முறை ஒருவர் "ஆமாம்மா" என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

ஆனாலும் குணம் போய்விடுமா? நாற்பதாவது பெயருக்குள் உப்பு வாரும் பலகையைக் கவனித்துவிட்டார். "இது ஏம்மா மரத்துல வச்சிருக்கீங்க? அலுமினியத்துல செஞ்சா எடை பாதிதான் இருக்கும். நான் வேணா..."

"எழுதுங்க சார்" என்றார் முத்தம்மாள்.

எழுதினார்.

மத்தியானத்துக்குச் சற்று முன்பு அருக்காணி என்ற பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ரேஷன் கார்டில் அவர் பெயர் 'அருக்கனி' என்று இருந்தது. அதனாலேயே இதற்கு முன் இரண்டு தடவை அவருடைய மனு திரும்பி வந்துவிட்டதாம். அம்சவல்லி அதை விசாரித்து, சரியான பெயரை அடித்து, கார்டில் பிழை என்று பக்கத்தில் குறிப்பும் போட்டிருந்தார்.

"டிவி மாரி இருந்துச்சே, அதுல என் பேரு சரியா இருந்துச்சு சார். காமிச்சாங்க, பாத்தேன்" என்றார் அருக்காணி. குறையாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார்.

பக்தவச்சலம் பேனாவை எடுத்தார். மற்றவர்கள் பெயரைவிடப் பெரிதாக எழுதி, நோட்டைத் திருப்பி நீட்டினார். "பாருங்கம்மா, சரியா இருக்குதா?"

அருக்காணி எழுத்துக் கூட்டிப் பார்த்தார். "மூணு சுழி போடணும் சார்."

அடித்துவிட்டு மூன்று சுழி போட்டார். அதற்குப் பிறகு வந்த அத்தனை பேரிடமும் நோட்டைத் திருப்பிக் காட்டிச் சரிபார்த்துத்தான் அடுத்த பெயருக்குப் போனார். இருநூறாவது பெயர் வரை இருந்த வேகம் பாதியாகக் குறைந்தது. சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. நாலரைக்கு முடித்து எழுந்தபோது கால் மரத்துப்போய் வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் சிரித்தார்கள்; நோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார், நனையவில்லை.

அங்கிருந்து நேராக அம்சவல்லி கடை. புது சிஸ்டத்தில் தமிழ் அடித்தால் கட்டம் கட்டமாக வந்தது. "ஃபான்ட் இல்ல. சின்னப் பிரச்சினைதான், நான் ஒரு..." என்று பக்தவச்சலம் தொடங்கினார். அம்சவல்லி கீபோர்டை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டு, முழுநீளத் தாளும் ஸ்கேலும் எடுத்துக் கட்டம் போட ஆரம்பித்தார். ஏழு மணி வரை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக் கையால் எழுதினார்கள். பதினான்கு தாள்.

திங்கள் காலை முதல் பஸ்ஸில் முத்தம்மாளும் பக்தவச்சலமும் விழுப்புரம் போனார்கள். அங்கே நடந்ததை முத்தம்மாள் என் கடையில் வந்து சொன்னார். ஆபீஸில் பட்டியலை வாங்கிய கிளார்க் தாளைப் புரட்டினாராம்.

"கையால எழுதுனதா?" என்று கேட்டாராம் கிளார்க்.

"ஆமா சார். கம்ப்யூட்டர் கொஞ்சம்..."

"நல்லதாப் போச்சு. பிரிண்ட் போட்டு வந்தா எழுத்து பொடியா இருக்குது. எப்படியும் நாங்க ரிஜிஸ்டர்ல கையாலதான் ஏத்தணும்." சீல் அடித்து ரசீது கொடுத்துவிட்டாராம்.

அத்தோடு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வர வேண்டியதுதானே? பக்தவச்சலம் நகரவில்லை. கிளார்க்கின் முதுகுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் மூலையில் மஞ்சளாக ஒன்று எழும்பியது. "சார், அந்த மெசேஜ் உங்களுக்குத் தொந்தரவா இல்லையா?" என்று இவர் கேட்டே விட்டார். முத்தம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றினாராம்.

பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் தை மாதத்துக்குள் அட்டை வந்துவிட்டது, அருக்காணிக்கு மூன்று சுழியோடு. அம்சவல்லி திண்டிவனத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்து மறுபடி விண்டோஸ் போட்டுக்கொண்டார். பலூன்கள் திரும்பி வந்தன. இப்போது ஒவ்வொரு வரிக்கும் சேமிக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் சிடியில் ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். பக்தவச்சலம் கடைக்கு வந்தால் ஜெராக்ஸ் மெஷின் வரைக்கும்தான் அனுமதி. அவருக்கும் வருத்தம் இருக்கிறது. "அவசரப்பட்டுட்டாங்க. ஒரு வாரம் பொறுத்திருந்தா தமிழ் ஃபான்ட் போட்டுக் குடுத்திருப்பேன்" என்று என்னிடம் சொன்னார். உப்பளத்துப் பெண்கள் மட்டும் இன்றும் அவரை வழியில் பார்த்தால் நின்று தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறார்.

கதை இவ்வளவுதான். நீங்கள் சிரித்திருந்தால் சந்தோஷம். ஆனால் படிக்கும்போது நடுவில் எங்காவது, "லினக்ஸுக்குத் தனி பார்ட்டிஷன் போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாமே" என்றோ, "பழைய ஃபான்ட்டை எடுத்துப் போட்டிருந்தாலே போதுமே" என்றோ, "அவர் போட்ட வெர்ஷனே சரியில்ல, நானா இருந்தா வேற போட்டிருப்பேன்" என்றோ உங்கள் உதடு லேசாக அசைந்ததா? அசைந்திருந்தால் மரக்காணம் வரும்போது அவசியம் என் கடைக்கு வாருங்கள். டீ வாங்கித் தருகிறேன். வெளியே நின்றே குடித்துவிட்டுப் போகலாம்.