மகளிடம் ஒரு வார்த்தை கேட்டேன்

எதைச் செய்தாலும் செய்வதற்கு முன்னால் ‘சரியா?’ என்றும், செய்து முடித்த பிறகு ‘தப்போ?’ என்றும் தன்னையே கேட்டுக்கொள்ளும் ரகம் நான். காலையில் மகளுக்கு இட்லி ஊட்டிவிட்டு, தோசை சுட்டிருக்கலாமோ என்று மத்தியானம் வரை யோசிப்பேன். தோசை சுட்ட நாளில் இட்லியை நினைத்து வருந்துவேன். இப்படிப்பட்டவர்கள் கிட்டவே போகக் கூடாத படிப்பு என்று உலகத்தில் ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்தேன்.

படிப்பின் பெயர் உயிரி அறவியல். பயோஎத்திக்ஸ் என்றால்தான் பலருக்குப் புரியும் (சொன்னாலும் புரியாது என்பது வேறு விஷயம்). மருத்துவத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, யாரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று ஆராய்கிற முதுகலைப் படிப்பு. தஞ்சாவூரில் சனி, ஞாயிறு வகுப்பு. ஒரே துறைக்காரர்கள் உட்கார்ந்து பேசினால் உருப்படாது, பல துறையும் கலக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. ஆகவே ஒரு குழந்தை மருத்துவர், ஒரு வக்கீல், ஒரு கன்னியாஸ்திரி, விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் இருந்த நான் என்று வகுப்பே ஒரு கதம்பமாக இருந்தது.

மன்னார்குடிப் பக்கத்து எங்கள் ஊரில் என் படிப்பை விளக்கும் பொறுப்பை அத்தை ஏற்றுக்கொண்டார். அத்தை என்றால் என் மாமியார். “டாக்டருங்களுக்கு நல்லது கெட்டது சொல்லிக் குடுக்குற படிப்பு. எங்க மருமக படிக்கிறா” என்பார். “டாக்டருக்கே இவ சொல்லணுமா?” என்று யாராவது கேட்டால், “பின்ன, நீ சொல்லுவியா?” என்று வாயை அடைப்பார்.

அத்தையின் ஆதரவு எனக்கு வெறும் பெருமை அல்ல, பிராணவாயு. என் மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது. சனி, ஞாயிறில் அவளைப் பார்த்துக்கொள்வது அத்தைதான். அத்தை ‘முடியாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என் படிப்பு அன்றோடு சரி. பஸ் ஏறும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வார்த்தை இன்று வருமோ என்று பயந்துகொண்டேதான் ஏறுவேன்.

இந்த நிலையில்தான் யாழினிக்குக் காதுகுத்து வைத்தார்கள். குலதெய்வமான ஐயனார் கோயிலில், கெடா வெட்டி. முதல் வயதிலேயே செய்திருக்க வேண்டியது. அந்த வருஷம் பங்காளி வீட்டில் ஒரு சாவு. அடுத்த முறை நாள் குறித்தபோது தாய்மாமன் உள்ளே இருந்தார்.

தாய்மாமன் என்பது என் அண்ணன் இளங்கோவன். விவசாயி, அதோடு மேடைப் பேச்சாளர். வயலில் துளை போட்டு எரிவாயு எடுக்கப் போகிறார்கள் என்று எங்கள் பக்கம் ஊர் ஊராகப் போராட்டம் நடந்த காலம் அது. அண்ணன் மைக்கைப் பிடித்தால், “எங்க சம்மதம் இல்லாம எங்க மண்ணுல ஒரு ஊசி முனை கூட இறங்காது” என்று ஆரம்பிப்பார். போலீஸ் வேனில் ஏறுகிற வரைக்கும் மைக்கை விடமாட்டார். அப்பா காலத்திலிருந்தே கறுப்புச் சட்டைக் குடும்பம் எங்களுடையது. பிள்ளைகளுக்கு மொட்டையும் கிடையாது, காதுகுத்தும் கிடையாது. (எனக்கு மட்டும் அம்மா யாருக்கும் தெரியாமல் குத்திவிட்டார்.) ஆனாலும் மருமகளின் காதுகுத்துக்கு மடி கொடுக்க வேண்டும் என்றதும் அண்ணன் கொள்கையைக் கொஞ்சம் தளர்த்தினார். “சாமிக்காக வரலை. மருமகளுக்காக வர்றேன்” என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எங்கள் பேராசிரியை அந்தப் பாடத்தை நடத்துகிற வரைக்கும். குழந்தைகளின் உடம்பில் எதைச் செய்வதானாலும், அவர்களுக்குப் புரிகிற வார்த்தையில் உண்மையைச் சொல்லி, ஒப்புதல் கேட்க வேண்டுமாம். பெற்றவர்கள் சம்மதித்தால் மட்டும் போதாதாம். “கேட்டுட்டு, அது மறுத்தா மதிக்கலைன்னா, நீங்க கேட்டதே பொய்” என்றார். யாழினியின் காதுகுத்துக்கோ நாள் குறித்தாயிற்று.

இடைவேளையில் வகுப்புத் தோழர்களிடம் ஆலோசனை கேட்டேன். வக்கீல், “சட்டப்படி நீங்கதான் காப்பாளர், தாராளமா குத்தலாம்” என்றார். கன்னியாஸ்திரி, “உங்க மனசாட்சி என்ன சொல்லுதோ அதைச் செய்ங்க” என்றார். (என் மனசாட்சிதானே பிரச்சினையே.) குழந்தை மருத்துவர், “என் பொண்ணுக்கு நாப்பத்தஞ்சாம் நாளே குத்தியாச்சு. இப்பப் போய் என் நிம்மதியைக் கெடுக்காதீங்க” என்று டீ குடிக்கப் போய்விட்டார். பல துறைகளைக் கலப்பதன் பலன் இதுதான்.

முதல் நாள் இரவே யாழினியிடம் நைசாகப் பேசிச் சரி சொல்ல வைத்துவிடுவதாகத் திட்டம் போட்டிருந்தேன். அவள் ஏழு மணிக்கே தூங்கிவிட்டாள். காலையில் கேட்கலாம் என்றால், பட்டுப்பாவாடை கட்டி, மாலை போட்டு, ஆளுக்கு ஆள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் மறுபடி என் கைக்கு எட்டியபோது மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அண்ணன் மடியில் உட்கார்ந்திருந்தாள். (மொட்டைக்கும் கேட்டிருக்க வேண்டுமோ என்று அந்த நேரத்தில்தான் உறைத்தது. முடி வளர்ந்துவிடும், காதில் துளை அப்படி இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.) காது குத்த வந்த பத்தர் தங்கக் கம்பியோடு தயாராக இருந்தார். தான் கொண்டுவந்த சீர் வரிசையைத் தானே மைக்கில் வாசித்து முடித்திருந்த அண்ணன், பழக்க தோஷத்தில் மைக்கை அணைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

நான் குனிந்து, மகள் காதில் ரகசியமாகக் கேட்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஒலிபெருக்கி அதை ஐயனாருக்கும், சமையல் பந்தலுக்கும், அடுத்த ஊருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

“யாழினி, இப்ப உன் காதுல சின்னதா ஒரு ஓட்டை போடுவாங்க. அப்புறம் தோடு போட்டுக்கலாம். போடலாமா?”

“வலிக்குமா?”

“எறும்பு கடிக்கிற மாதிரி.”

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது பாடம். “எறும்பைவிடக் கொஞ்சம் அதிகம்” என்றேன்.

“கட்டெறும்பா?”

“ரெண்டு கட்டெறும்பு. அப்புறம் சில பேருக்குக் காது பழுக்கும். எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு.”

யாழினி பத்தரைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். “வேணாம்” என்றாள். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

பந்தலில் சிரிப்பு எழுந்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. “பச்சைப் புள்ளைகிட்ட என்ன கேள்வி? நீங்க குத்துங்க பத்தரே” என்றார்.

“வேணாங்குறாளே அத்தை” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மைக்கில் நன்றாகக் கேட்டது.

என் கணவர் குமரன் நிலைமையைப் பார்த்தார். “வாழை இலை வந்துருச்சான்னு பாத்துட்டு வந்துர்றேன்” என்று கிளம்பினார். (இலை முதல் நாளே வந்துவிட்டது.)

“என்ன பூங்கொடி, இது காதுகுத்தா, கிராமசபைக் கூட்டமா?” என்று அண்ணன் பல்லைக் கடித்தார்.

அதற்குத்தான் காத்திருந்தது போல், முன்வரிசை நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. என் கணவரின் சித்தப்பா வீராசாமி. அண்ணனுக்கு எதிர்க்கட்சி, அதுவும் பரம்பரையாக. “அதெப்படி மாப்ளே? மண்ணுல சம்மதம் இல்லாம ஊசி முனை இறங்காதுன்னு நேத்துக்கூட கடைத்தெருவுல பேசினீங்க. மருமக காதுல மட்டும் இறங்கலாமா?”

இந்த முறை பத்தரும் சிரித்தார். அண்ணனின் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்தப் பந்தலில் இருந்த பாதிப் பேர் அவர் பேச்சை நம்பிப் போராட்டத்துக்கு வந்தவர்கள். அவர் மைக்கை எடுத்துச் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

“மாமா கேட்டது நியாயமான கேள்வி” என்றார், மேடைக் குரலில். “மருமக சம்மதிச்சாத்தான் குத்துவோம்.” பிறகு மடியைப் பார்த்து, “கண்ணு, என்ன பண்ணா நீ சரின்னு சொல்லுவே?” என்றார்.

யாழினி அவர் காதைப் பிடித்துப் பார்த்தாள். பகுத்தறிவுக் காது, பொட்டு ஓட்டை கிடையாது.

“மாமாவுக்கு மொதல்ல” என்றாள்.

ஊரே எழுந்து நின்றது. வீராசாமி சித்தப்பா நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டைக் காலரை இறக்கிவிட்டு, “குத்துங்க பத்தரே” என்றார்.

“பெரிய காதுங்க. தடிப்பா இருக்கும்” என்று பத்தர் தயங்கினார்.

“குத்துங்க.”

குத்தினார். அண்ணன் தடியடிக்கெல்லாம் அசையாத மனுஷன் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த சத்தம் கொள்கைக்கும் சேராது, பக்திக்கும் சேராது. “ஐயனாரப்பா” என்பதுதான் அதில் புரிந்த ஒரே வார்த்தை. அதையும் மைக் சொன்னது. கண்ணில் நீர் வழிய, அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டார். யாரோ சோடா உடைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

யாழினி மடியிலிருந்து நிதானமாக இறங்கினாள். “மாமா அழுவுறாரு. எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டு, பலூன் விற்பவரைப் பார்க்கப் போனாள். அவள் முடிவு மாறவில்லை. பத்தர் அடுத்த ஊர்க் காதுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அண்ணன் இன்னொரு காதை நீட்டவில்லை.

கெடா வெட்டியாயிற்று, சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும். பந்தியில் சோற்றுக் கூடையோடு நின்று, ‘இன்னும் கொஞ்சம் வைக்கலாமா?’ என்று நான் கேட்டுக் கேட்டுப் பரிமாறுவதைப் பார்த்த அத்தை, “சோத்தையாவது யாரையும் கேக்காமப் போடு” என்றார். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சொந்தக்காரர்கள் கை கழுவிக்கொண்டே, “மாமனுக்குக் காதுகுத்து நல்லா நடந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் முழுக்க அத்தை என்னோடு பேசவில்லை. ‘குழம்பு இறக்கு’ என்பதைக்கூட யாழினி வழியாகத்தான் சொன்னார். நான் செய்தது சரி என்று காலையிலும், மகாத் தப்பு என்று மாலையிலும் முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை இரவு, இனிமேல் வகுப்புக்கு வர இயலாது என்று பேராசிரியைக்குச் செய்தி அடித்து, அனுப்பாமல் வைத்திருந்தேன். சனிக்கிழமை காலை புடவை மாற்றிக்கொண்டு, பையை எடுக்கவும் தைரியமில்லாமல், வைக்கவும் மனசில்லாமல் அடுக்களை வாசலில் நின்றேன்.

அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், “பூங்கொடி, எனக்குப் பல்லு புடுங்குனாங்களே, அப்ப நீ கல்யாணமாயி வரலை” என்றார்.

“ஆமாங்க அத்தை.”

“ஒரு பல்லுன்னு நெனச்சுத்தான் போனேன். ரெண்டைப் புடுங்கிட்டான். வீட்டுக்கு வந்து நாக்கால தடவிப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. குமரன் அப்பாவுட்ட கேட்டானாம். வாய் யாருது?”

அத்தை ஒரு காம்பை உருவிப் போட்டார்.

“இந்தப் புள்ளைகிட்ட நீ கேட்டப்ப ஊரே சிரிச்சுது. எனக்கும் உன்மேல கோவம்தான். இன்னமும் இருக்கு. ஆனா அந்தப் பல்லு நெனப்பு வந்துச்சு. அந்த மாதிரி ஆளுக்கெல்லாம் சொல்லிக் குடுக்குற படிப்புதானே இது?”

“ஆமாங்க அத்தை.”

“பஸ்ஸு போயிடப் போவுது. போ.”

போனேன். அந்தக் காதுகுத்தையே கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன். மகளின் மறுப்பை மதித்ததற்குப் பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். பேராசிரியை ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘மாமாவின் சம்மதம் சுதந்திரமாகப் பெறப்பட்டதா? ஊர் கூடி நெருக்கியதல்லவா?’ அதற்குப் பதில் எழுத எனக்கு இன்னொரு கட்டுரை தேவைப்பட்டது. எப்படியோ, பட்டம் வாங்கிவிட்டேன்.

யாழினி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு தோழிகளின் தோட்டைப் பார்த்துத் தானாக வந்து கேட்டு, இரண்டு காதையும் குத்திக்கொண்டாள். அழவில்லை. அண்ணனின் ஒற்றைக் காதில் ஒற்றைக் கடுக்கன் இன்னும் இருக்கிறது. கழற்றினால் மருமகள் கோபிப்பாள் என்கிறார்.

போன வருஷம் எங்களுக்கு மகன் பிறந்தான். அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “இவனுக்கு வாய் வர்றதுக்குள்ள குத்திடணும்.” ஐந்தாம் மாதமே வீட்டுக்கூடத்தில், மைக் இல்லாமல், நாலு பேரைக் கூப்பிட்டு ஏற்பாடு நடந்தது. பத்தர் கம்பியை எடுத்த நேரத்தில் யாழினி குறுக்கே வந்து நின்றாள்.

“தம்பிகிட்ட கேட்டீங்களா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதுகலைப் பட்டதாரியான நான் தரையைப் பார்த்தேன்.

“கேட்டாச்சு” என்றார் அத்தை.

“என்ன சொன்னான்?”

“சிரிச்சான்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. போன மாதம் குமரன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் புது மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினார். “என்னைக் கேட்டீங்களா?” என்றேன்.

“கேட்டேனே” என்றார். “சிரிச்சியே.”